கலலூவும் தண்டுக்கீரையும்: லண்டனில் ஓர் ஆப்பிரிக்க, கரீபியச் சமூகத் தோட்டம் அமைக்க முழுமையான வழிகாட்டி

களை என்று நினைத்துத்தான் பிடுங்கினேன். தெற்கு லண்டனில் அந்தச் சமூகத் தோட்டத்தில் சேர்ந்து எனக்கு அது இரண்டாவது வாரம், ஜூன் தொடக்கம். ஒரு பாத்தி முழுக்க விரல் நீளத்துக்கு, அடித்தண்டு லேசாகச் சிவந்து, நெருக்கியடித்துக்கொண்டு ஏதோ முளைத்திருந்தது. அரைமணி நேரத்தில் பாத்தியைச் சுத்தமாக்கிவிட்டு நிமிர்ந்தால், பின்னால் ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். ஜமைக்காவின் செயின்ட் எலிசபெத் பகுதிக்காரர், எண்பதை நெருங்கும் வயது. கூடையில் நான் போட்டிருந்த குவியலிலிருந்து ஒரு நாற்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இது என் தங்கச்சி கொடுத்த விதை" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

இலையைக் கிள்ளி முகர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தண்டுக்கீரை. சின்ன வயதிலிருந்து வாரத்தில் மூன்று நாளாவது சோற்றில் பிசைந்து சாப்பிட்டது. அவர்கள் ஊரில் அதற்குக் கலலூ என்று பெயர்.

அன்றிலிருந்து அந்தத் தோட்டத்தை விட்டு நான் போகவில்லை. நிலம் கேட்டு அலைந்தது, பாத்தி கட்டியது, கணக்கு எழுதியது, மிளகாய் நாற்றுக்குக் கண் விழித்தது எல்லாம் சேர்ந்துதான் இந்த வழிகாட்டி. லண்டனில் அக்கம்பக்கத்து ஆப்பிரிக்க, கரீபியக் குடும்பங்களோடு சேர்ந்து ஒரு தோட்டம் தொடங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். வேறு ஊரில் இருப்பவர்களுக்கு விதைக்கும் தேதிகள் மாறும், மற்றவை பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை

இதைத் தெரிந்துகொள்ளாமல் மண்வெட்டியைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. ஜமைக்காவில் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வேலை வாங்கப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்கு முதலாளிகள் முழுச் சாப்பாடு போடவில்லை. கரும்புக்கு உதவாத மலைச்சரிவில் ஆளுக்கொரு துண்டு நிலத்தைக் காட்டி, வேண்டியதை நீங்களே விளைவித்துக்கொள்ளுங்கள் என்று விட்டார்கள். வாரம் முழுக்கக் கரும்பு வெட்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமையும், சில சனிக்கிழமைகளிலும் அந்தச் சரிவில் ஏறினார்கள். யாம் கிழங்கு, வாழை, சேம்பு, துவரை, கீரை என்று கலந்து நட்டார்கள். மிஞ்சியதை ஞாயிற்றுச் சந்தையில் விற்றார்கள். உடம்பே தன்னுடையதில்லை என்று சட்டம் சொன்ன ஒருவருக்கு, தன் கையால் நட்டு, தான் தின்று, தன் பிள்ளைக்குக் கொடுக்க ஓர் இடம் இருந்தது என்றால் அது அந்தத் துண்டு நிலம்தான்.

1834 ஆகஸ்ட் 1 அன்று பிரிட்டனின் கரீபியக் காலனிகளில் அடிமைமுறை சட்டப்படி முடிந்தது. ஆனாலும் 'பயிற்சி' என்ற பெயரில் கட்டாய வேலை தொடர்ந்து, முழு விடுதலை வந்தது 1838 ஆகஸ்ட் 1 அன்று. அதன் பிறகு கரும்புக் காட்டுக்கு ஆள் தேடி இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோனார்கள். 1838இல் கயானா, 1845இல் டிரினிடாடும் ஜமைக்காவும். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறிய தமிழர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆக, கரீபிய அடுப்படியில் நம் வாசனை அடித்தால் வியப்பில்லை. எதிர்த்திசையிலும் அப்படித்தான்: நம் கேழ்வரகும் கம்பும் காராமணியும் ஆப்பிரிக்க மண்ணில் பயிராகப் பழகி நம்மிடம் வந்தவை.

1948 ஜூன் 22 அன்று எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் லண்டனுக்கு அருகே டில்பரி துறைமுகத்தில் இறங்கினார்கள். அதற்குப் பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் வந்துகொண்டே இருந்தவர்களில் பலர் கிராமத்தில் நிலத்தோடு வளர்ந்தவர்கள். லண்டனில் பேருந்து ஓட்டினார்கள், மருத்துவமனையில் நர்ஸாக இருந்தார்கள். இன்று அவர்கள் பலருக்குத் தோட்டம் போட இடமில்லை. 2020இல் வந்த அரசுப் புள்ளிவிவரப்படி இங்கிலாந்தில் கறுப்பின மக்களில் 37 சதவீதம் பேருக்கு வீட்டோடு சேர்ந்த வெளியிடம் கிடையாது, பால்கனிகூட இல்லை. வெள்ளையர்களில் அது 10 சதவீதம். கையில் தொழில் இருக்கிறது, காலடியில் மண் இல்லை. இந்தக் குறையைத்தான் சமூகத் தோட்டம் தீர்க்கிறது.

படி 1: ஆட்களைத் தேடுங்கள், அதிலும் பெரியவர்களை

நிலம் தேடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். நிலம் கிடைத்த பிறகு ஆள் தேடினால், நமக்குப் பிடித்த தக்காளியையும் சுரைக்காயையும் போட்டுவிட்டு அவர்களை விருந்தாளியாக அழைப்பதில் போய் முடியும். அப்படித் தொடங்கி இரண்டே வருடத்தில் வெறிச்சோடிய தோட்டத்தை நான் பார்த்திருக்கிறேன்.

பெரியவர்கள் எங்கே இருப்பார்கள்? ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில். மதிய உணவு மன்றங்களில். டாமினோ மேசைகளில். முடிதிருத்தும் கடைகளில். போய் உட்கார்ந்து பேசுங்கள், படிவத்தை நீட்டாதீர்கள். நான் வழக்கமாகக் கேட்பது மூன்று கேள்விகள்: உங்கள் அம்மா வீட்டைச் சுற்றி என்ன நட்டிருந்தார்? இங்கே கடையில் வாங்கிச் சாப்பிட்டால் ருசிக்காதது எது? யாரிடமாவது விதை இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் வராது. நாலு தடவை பார்த்த பிறகு கைப்பையிலிருந்து ஒரு காகித மடிப்பு வெளியே வரும்.

எல்லோரையும் ஒரே கூடையில் போட்டுவிடாதீர்கள். ஜமைக்காக்காரருக்குக் கலலூ என்றால் தண்டுக்கீரை. டிரினிடாட்காரருக்குக் கலலூ என்றால் சேப்பங்கிழங்கு இலையை வெண்டைக்காயும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கடைந்தது. நைஜீரிய யொருபா அம்மா அதே தண்டுக்கீரையை எஃபோ டெட்டே என்பார், கூடவே எஃபோ ஷோக்கோவும் கேட்பார். அது நம் பண்ணைக்கீரையின் இனம். கானாக்காரர் சின்ன வெள்ளைக் கத்தரிக்காய் இல்லாமல் விடமாட்டார். ஜமைக்கா மலைக்கிராமத்து ஆள் ஒருவர் சுண்டைக்காயைப் பற்றிப் பேசியபோது நான் திகைத்தேன். அவர்கள் அதைச் சுசும்பா என்றும் கல்லி பீன் என்றும் சொல்கிறார்கள். யார் எந்த ஊர், எந்தச் செடிக்கு என்ன பெயர் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். அந்த நோட்டுதான் பிறகு உங்கள் நடவுத் திட்டம்.

அப்புறம் மரியாதை. வயதில் மூத்தவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நமக்குப் போலவே அவர்களுக்கும் உறுத்தும். கரீபியர்களிடம் பெயருக்கு முன்னால் மிஸ் அல்லது மிஸ்டர், மேற்கு ஆப்பிரிக்கர்களிடம் ஆன்ட்டி, அங்கிள். நாம் அக்கா, மாமா என்று சொல்லிப் பழகியவர்கள், இது தானாக வரும்.

ஆறேழு பேர் வாராவாரம் வருவோம் என்று சொன்னால் போதும், அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: நிலம்

இங்கிலாந்தில் அலாட்மென்ட் என்று ஓர் ஏற்பாடு உண்டு. காய்கறி போட்டுக்கொள்ள கவுன்சில், அதாவது உள்ளாட்சி நிர்வாகம், குறைந்த வாடகைக்குத் தரும் நிலத்துண்டு. முழுத்துண்டு என்றால் 250 சதுர மீட்டர், ஏறக்குறைய ஆறு சென்ட். 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாக்காளர் பட்டியலில் இருக்கும் ஆறு பேர் சேர்ந்து எழுதிக் கேட்டால் கவுன்சில் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும். ஆனால் உள் லண்டன் கவுன்சில்களுக்கு அந்தக் கடமை கிடையாது. காத்திருப்போர் பட்டியலும் நீளம். விண்ணப்பத்தைப் போட்டுவையுங்கள், ஆனால் அதையே நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எங்களுக்கு வேலைக்கு ஆனது வேறு வழி. சர்ச் பின்புறம், குடியிருப்பு அடுக்குகளுக்கு நடுவே கிடக்கும் புல்தரை, பள்ளிக்கூடத்து மூலை, கைவிடப்பட்ட விளையாட்டு மைதானத்தின் ஓரம். கேட்கப் போகும்போது பெரியவர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். தான் இங்கே என்ன நடப்போகிறேன் என்பதை அவர் வாயால் சொல்லட்டும். நான் எழுதிய எந்தக் கடிதத்துக்கும் அந்த வலு இருந்ததில்லை.

இடத்தைப் பார்க்கப் போகையில் நாலு விஷயம் பாருங்கள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழுகிறதா? குழாய் இருக்கிறதா? கழிப்பறை எவ்வளவு தூரம்? பேருந்து நிறுத்தத்திலிருந்து கைத்தடியோடு நடந்து வர முடியுமா? கடைசி இரண்டையும் இளைஞர்கள் மறந்துவிடுவார்கள். பெரியவர்கள் வராமல் போவது அந்த இரண்டாலும்தான்.

ஏற்கெனவே நடக்கும் தோட்டங்களைப் போய்ப் பாருங்கள். வட லண்டன் வுட் கிரீனில் உல்வ்ஸ் லேன் என்ற பழைய கவுன்சில் நாற்றுப்பண்ணை இருக்கிறது. அதன் கண்ணாடிக் கூடங்களில் பிளாக் ரூட்ஸ் என்ற குழு, தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை சேர்ந்து பயிர் செய்கிறது. லூவிஷத்தில் கோகோ கலெக்டிவ் நடத்தும் ஐட்டல் தோட்டம் இருக்கிறது. ஐட்டல் என்பது ஜமைக்காவில் தோன்றிய ரஸ்தாஃபாரி சமயத்தாரின் சொல், கலப்படமில்லாத, மண்ணிலிருந்து வந்தபடியே இருக்கும் உணவைக் குறிப்பது. லண்டன் முழுக்கச் சமூகத் தோட்டங்களை இணைக்கும் கேப்பிட்டல் குரோத் வலையமைப்பில் சேர்ந்துவிட்டால் பயிற்சிகளுக்கும் வழி கிடைக்கும்.

படி 3: காகிதமும் காசும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாய்மொழி அனுமதியை நம்பி ஒரு செடியும் நடாதீர்கள். குறைந்தது ஐந்து வருடத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் வாங்குங்கள். தண்ணீர்க் கட்டணம் யார் தருவது, சாவி யாரிடம், எத்தனை மாத முன்னறிவிப்பில் காலி செய்யச் சொல்லலாம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரு பக்க அளவில் சங்க விதிகள், இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு, பொதுப் பொறுப்புக் காப்பீடு. இவை இருந்தால்தான் நேஷனல் லாட்டரி நிதி போன்ற இடங்களில் மானியம் கேட்க முடியும்.

பணம் திரட்ட கரீபியர்களிடம் அருமையான பழக்கம் ஒன்று உண்டு. ஜமைக்காக்காரர்கள் பார்ட்னர் என்பார்கள், டிரினிடாட்டில் சூசூ. நம் சீட்டுதான். வாராவாரம் ஆளுக்கு இவ்வளவு போடுவது, முறை வைத்து ஒருவர் மொத்தமாக எடுப்பது. வங்கிகள் கடன் தர மறுத்த காலத்தில் விண்ட்ரஷ் தலைமுறை இப்படித்தான் முன்பணம் சேர்த்து வீடு வாங்கியது. எங்கள் தோட்டத்தில் முதல் வருடக் கருவிகளுக்கு மானியம் வரும்வரை காத்திருக்கவில்லை. இருபது வாரச் சீட்டு, முதல் முறை தோட்டத்துக்கு. மண்வெட்டிகளும் தள்ளுவண்டியும் அதில் வந்தவை. ஒன்று மட்டும்: சீட்டுப் பணத்தையும் மானியப் பணத்தையும் ஒரே கணக்கில் கலக்கக் கூடாது.

படி 4: மண்ணும் பாத்தியும்

லண்டன் மண்ணில் பழைய பெயின்ட், பெட்ரோல் புகை, தொழிற்சாலைக் கழிவு என்று ஈயம் தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். நடுவதற்கு முன் மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள். அலாட்மென்ட் நிலங்களில் ஈயத்துக்கு வைத்திருக்கும் எச்சரிக்கை வரம்பு ஒரு கிலோ மண்ணுக்கு 80 மில்லிகிராம். அதற்கு மேல் வந்தால் நேரடியாக மண்ணில் கீரை போடுவதைத் தவிர்த்து, அடியில் துணி விரித்து, வெளியிலிருந்து மண் கொண்டுவந்து உயரப் பாத்தி கட்டுங்கள்.

பாத்தியின் அகலம் 1.2 மீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும், உள்ளே கால் வைக்கக் கூடாது. ஆழம் 30 செ.மீ. இருந்தால் கீரைக்கும் மிளகாய்க்கும் தாராளம். மூன்றில் ஒரு பங்குப் பாத்திகளையாவது 70 செ.மீ. உயரத்துக்குக் கட்டி, ஓரத்தில் உட்காரப் பலகை அடியுங்கள். முட்டி வலிக்காரர்களுக்கு அதுதான் தோட்டம். பழைய ரயில் கட்டைகள் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். அவற்றில் ஊறியிருக்கும் கிரியோசோட் நஞ்சு. பாதைகள் சக்கர நாற்காலி போகும் அகலத்தில் இருக்கட்டும்.

மூடாக்கு பற்றி எனக்குப் பாடம் எடுத்தவர் அந்தச் செயின்ட் எலிசபெத் அம்மாதான். ஜமைக்காவில் அவருடைய பகுதி மழை குறைந்த தென்கரை. ஆனாலும் தீவுக்கே காய்கறி போடுவது அந்தப் பகுதி. அங்கே கினியாப்புல்லை வெட்டி, காயவைத்து, நிலம் முழுக்கத் தடிமனாகப் பரப்பி, அதற்கு நடுவே துளை போட்டுத்தான் நடுவார்கள். வெயில் மண்ணைத் தொடாது, ஊற்றின தண்ணீர் ஆவியாகாது, களையும் வராது. இங்கே வைக்கோலையும் காய்ந்த புல்லையும் வைத்து அதையே செய்கிறோம். முதல் கோடையில் ஒரு நாள் அவர் என் கையைப் பிடித்து வைக்கோலுக்கு அடியில் நுழைத்தார். வெளியே மண் வெடித்துக் கிடந்தது, உள்ளே ஈரமும் குளிர்ச்சியுமாக, புழு ஒன்று விரலில் உரசிக்கொண்டு போனது. "தண்ணி குழாயில் மட்டும் இல்லை, மகனே" என்றார். ஒரே ஓர் எச்சரிக்கை: லண்டன் வசந்தத்தில் மண் சூடாவதற்கு முன் மூடாக்கு போட்டால் நத்தைகளுக்கு விருந்து வைத்த மாதிரி. ஜூன் பாதிக்கு மேல் போடுங்கள்.

மழைநீருக்கு ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்று வாங்கிவிடுங்கள். ஒரு பாலிடனலும் அவசியம், அதாவது வளைந்த குழாய்களின் மேல் பாலித்தீன் இழுத்துக் கட்டிய கூடாரம். இது இல்லாமல் வெப்பநாட்டுப் பயிர்களில் பாதியை மறந்துவிட வேண்டியதுதான்.

படி 5: என்ன நடுவது, எப்போது நடுவது

லண்டனில் மே நடுவரை உறைபனி வரலாம், அக்டோபரில் மறுபடி குளிர் தொடங்கிவிடும். இடையில் இருக்கும் ஐந்து மாதம்தான் நம் கையிருப்பு. அதற்குள் எது முடியுமோ அதை நன்றாகச் செய்வோம்.

கலலூவில் தொடங்குங்கள். விலையில்லாத விதை, ஆறேழு வாரத்தில் அறுவடை, எல்லா ஊர்க்காரருக்கும் சொந்தமான கீரை. முதல் வருடத்திலேயே எல்லோர் கையிலும் ஒரு கட்டு போய்ச் சேர்ந்துவிடும், அந்தத் தெம்பில் மற்றவை நடக்கும். மண்ணின் வெப்பம் 15 டிகிரியைத் தொட்ட பிறகே விதைக்க வேண்டும், அதாவது மே கடைசி. ஏப்ரலில் வெயிலைப் பார்த்து ஏமாந்து நான் விதைத்த ஒரு பாத்தி முழுவதும் அழுகிப் போனது. விதை கடுகைவிடச் சிறியது, கறுப்பாக மின்னும். நம் ஊரில் செய்வது போலவே மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொட்டாது. அரை செ.மீ.க்கு மேல் மூடக் கூடாது. பூவாளியால் மெதுவாக நனையுங்கள்.

நாற்று விரல் நீளம் வந்ததும் 15 முதல் 20 செ.மீ. இடைவெளிக்குக் கலைத்துவிடுங்கள். கலைத்ததைத் தூக்கி எறியாமல் சமைக்கலாம். செடி 25 செ.மீ. உயர்ந்தவுடன் நுனியைக் கிள்ள வேண்டும். கிள்ள மனம் வராது, ஆனாலும் கிள்ளுங்கள். கிள்ளின இடத்துக்குக் கீழே இரண்டு கிளை வெடிக்கும், பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை செப்டம்பர்வரை பறித்துக்கொண்டே இருக்கலாம். தண்ணீர் குறைந்தால் உடனே பூத்துவிடும், இலையும் கசக்கும். விதைத்த அன்றே பாத்தியின் நாலு மூலையிலும் குச்சி நட்டு, பெயர் எழுதிக் கட்டுங்கள். என்னைப் போல யாராவது களை என்று பிடுங்காமல் இருக்க அது ஒன்றே வழி. கேட்காமல் எதையும் பிடுங்கக் கூடாது என்பது எங்கள் தோட்டத்தில் எழுதி மாட்டியிருக்கும் முதல் விதி.

ஸ்காட்ச் பானெட் மிளகாய்க்குப் பொறுமை வேண்டும். குல்லாய் போல மடிந்த சின்னக் காய், காரம் ஸ்கோவில் அளவில் ஒரு லட்சம் முதல் மூன்றரை லட்சம்வரை. ஆனால் கரீபியர்கள் அதைத் தேடுவது காரத்துக்காக மட்டும் இல்லை, பழம் போன்ற அந்த வாசனைக்காகவும்தான். ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி தொடக்கத்தில் வீட்டுக்குள் விதைக்க வேண்டும். முளைக்க 25 முதல் 30 டிகிரிச் சூடு தேவை. வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியோ மின்சாரச் சூட்டுப் பாயோ இருந்தால் நல்லது. இரண்டு முதல் நாலு வாரம்வரை ஒன்றுமே தெரியாது, மண்ணைக் கிளறிப் பார்க்காதீர்கள். முளைத்தபின் வெளிச்சமான ஜன்னலோரம், இரண்டாம் ஜோடி இலை வந்ததும் தனித் தொட்டி, மே கடைசியில் பாலிடனல். முதல் பழம் ஆகஸ்ட் முடிவில் சிவக்கும் அல்லது மஞ்சளாகும். பிப்ரவரியில் எங்கள் குழுவில் ஆளுக்கு ஆறு நாற்று வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்ப்பார்கள். குளிர்காலத்தில் தோட்டத்துக்கு வர முடியாத பெரியவர்களுக்கு அந்த ஆறு நாற்றே தோட்டம்.

தைம் என்ற மணமூலிகை, வெங்காயத்தாள் இரண்டும் இல்லாமல் கரீபியச் சமையல் இல்லை. வெளியிலேயே வளரும், தைம் வருடக்கணக்கில் நிற்கும், ஒரு பாத்தியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். வெண்டையைப் பாலிடனலில் போடுங்கள், வெளியே வைத்தால் ஏமாற்றம். சர்க்கரைவள்ளிக் கொடித்துண்டுகளை மே கடைசியில், மண்ணைக் குவித்து மேடு கட்டி நடலாம். ஊரில் யாமுக்கு மேடு கட்டிப் பழகிய கைகள் அந்த வேலையை எப்படிச் செய்கின்றன என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கரீபியப் பூசணிக்கு லண்டன் கோடை போதாது. அதற்குப் பதில் கிரவுன் பிரின்ஸ் என்ற சாம்பல்நீல வகை நன்றாக வரும், சதை கெட்டி, சூப்புக்கு ஒத்துப்போகிறது என்று பெரியவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

சேப்பங்கிழங்கைக் கடையில் வாங்கி மார்ச்சில் தொட்டியில் முளைக்க வைத்தால் இலை கிடைக்கும், டிரினிடாட்காரர்கள் மகிழ்வார்கள். நன்றாக வேகவைக்காவிட்டால் தொண்டை அரிக்கும், இது நமக்குத் தெரிந்ததுதான். சோரல் என்று அவர்கள் சொல்வது நம் புளிச்சக்கீரையின் சொந்தம். அதன் சிவப்புப் புல்லிவட்டத்தில் இஞ்சி சேர்த்துக் கிறிஸ்துமஸ் பானம் செய்வார்கள். நாள் சுருங்கிய பிறகே அது பூக்கும், அதற்குள் இங்கே குளிர் வந்துவிடும். ஆகவே இலைக்காக மட்டும் வளர்க்கிறோம். துவரையும் அப்படியே, செடி வரும், காய் வராது. சோற்றில் போடும் பயறுக்கு பொர்லோட்டி அவரையை நட்டுச் சமாளிக்கலாம். யாம், வாழை, ஈரப்பலா எதற்கும் இந்த வெயில் பத்தாது, கடையில்தான் வாங்க வேண்டும். இதை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

படி 6: வேலை நாளும் பானையும்

ஹைட்டியில் கோன்பிட் என்பார்கள், டொமினிக்காவிலும் செயின்ட் லூசியாவிலும் கூத்மே. இன்று உன் நிலத்தில் எல்லோரும், நாளை என் நிலத்தில் எல்லோரும். வேலை வாங்குபவர் சாப்பாடு போடுவார். தோட்டத்தின் வேலை நாளை இந்த முறையில் அமைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குச் சனிக்கிழமை, காலை பத்து முதல் இரண்டு வரை. ஜமைக்காக் குடும்பங்களில் சனிக்கிழமை என்றாலே சூப். பூசணி, கிழங்குகள், மாவுருண்டை எல்லாம் போட்டு ஒரே பானையில் கொதிக்கும். காலையில் வந்தவுடன் முதல் வேலை அடுப்பு மூட்டுவது. ஐட்டல் முறையில் சாப்பிடுகிறவர்களுக்கு இறைச்சியும் உப்பும் படாத பானை தனியாக வைக்க வேண்டும், கரண்டியும் தனி. நம்மில் சைவக்காரர்களும் அந்தப் பானையிலேயே கலந்துகொள்ளலாம்.

கலலூ சமைக்கும் நாள் வந்தால் கட்டாயம் பக்கத்தில் நில்லுங்கள். தண்டின் நாரை நகத்தால் உரித்து, இலையோடு பொடியாக அரிவார்கள். எண்ணெயில் வெங்காயம், வெங்காயத்தாள், தைம், தக்காளி வதங்கியதும், ஊறவைத்து உப்பு நீக்கிய கருவாட்டைச் சேர்த்து, கீரையைக் கொட்டி, மேலே ஒரு முழு ஸ்காட்ச் பானெட்டை உடையாமல் வைத்து மூடிவிடுவார்கள். ஆவியில் மிளகாயின் வாசனை மட்டும் கீரைக்குள் இறங்கும். கிளறும்போது அது உடைந்துவிட்டால் அன்றைக்கு எல்லோர் கண்ணிலும் தண்ணீர்தான். அந்த மிளகாயைத் தாண்டிக் கரண்டி போகும் விதத்தைப் பார்த்தாலே எத்தனை வருடத்துக் கை என்று தெரிந்துவிடும்.

வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போது பெரியவர்களை நாற்காலியில் உட்காரவைத்து வேடிக்கை பார்க்க விடாதீர்கள். நாற்றுப் பிரிப்பது, விதை சுத்தம் செய்வது, யார் எங்கே நட வேண்டும் என்று சொல்வது, இந்த மூன்றும் அவர்கள் பொறுப்பு. குனிந்து கொத்துவது நம் பொறுப்பு.

படி 7: பங்கு பிரித்தல்

சண்டை வருவதென்றால் இங்கேதான் வரும், ஆகவே முதல் அறுவடைக்கு முன்பே பேசி எழுதிவிடுங்கள். எங்கள் முறை இது: அன்று வேலை செய்தவர்களுக்கு ஒரு பங்கு, உடம்பு முடியாமல் வீட்டில் இருக்கும் உறுப்பினர்களுக்கு ஒரு பங்கு, மீதி வாசல் மேசையில், வழியில் போகிறவர்களுக்கு. இரண்டாவது பங்கை யாராவது ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையில் கொடுக்க வேண்டும், வாசலில் வைத்துவிட்டு வரக் கூடாது. மிளகாய் மட்டும் எண்ணித்தான், ஆளுக்கு ஐந்து.

ஆகஸ்ட் 1 விடுதலை நாள். அதை ஒட்டிய சனிக்கிழமை தோட்டத்தைத் திறந்து வைத்து ஊரைக் கூப்பிடுங்கள். கலலூ அப்போது உச்சத்தில் இருக்கும்.

படி 8: விதை

பறிப்பதோடு வருடம் முடிவதில்லை. ஆகஸ்டிலேயே நல்ல கலலூச் செடிகளில் ஆறு ஏழைத் தேர்ந்தெடுத்துச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள், அவற்றை யாரும் கிள்ளக் கூடாது. ஒரு தோட்டத்தில் ஒரு வகையை மட்டும் பூக்க விடுவது முக்கியம். கீரை காற்றில் மகரந்தம் சேரும், பச்சை வகைக்குப் பக்கத்தில் சிவப்பு வகை பூத்தால் அடுத்த வருடம் இரண்டும் கெட்டு எதுவோ முளைக்கும். கதிரைக் கையில் தேய்த்தால் விதை உதிர வேண்டும், அதுதான் பதம். வெட்டி, காகிதப் பையில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைத்து, உதிர்த்து, புடைக்க வேண்டும். எங்கள் வீட்டு முறத்தை ஒருமுறை கொண்டுபோனேன். பார்பேடோஸ்காரத் தாத்தா ஒருவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எனக்கு முன்னால் புடைத்துக் காட்டினார்.

ஸ்காட்ச் பானெட்டுக்குப் பூக்கும் முன்பே ஒரு கிளையில் மெல்லிய வலைப்பையைக் கட்டிவிடுங்கள், மற்ற மிளகாயோடு கலக்காது. நன்றாகப் பழுத்த காயிலிருந்து கையுறை போட்டுக்கொண்டு விதை எடுத்து நிழலில் காயவையுங்கள்.

ஊருக்குப் போய்வரும்போது பையில் விதை போட்டுக்கொண்டு வரலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். விதைக்க வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவரத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், நோயும் அதோடு வந்துவிடும். இந்த நாட்டில் ஏற்கெனவே பல வருடம் பழகிய விதையே நமக்குப் பொக்கிஷம். கார்டன் ஆர்கானிக் அமைப்பு தன் 'சோயிங் நியூ சீட்ஸ்' திட்டத்தில் மிட்லண்ட்ஸ் பகுதியில் குடியேறியவர்களின் அலாட்மென்ட்களுக்குப் போய் இப்படிப்பட்ட விதைகளையும் வளர்ப்பு முறைகளையும் சேகரித்தது. இந்த ஊர்க் குளிரைத் தாங்கி, இந்த ஊர்க் கோடைக்குள் முடிக்கக் கற்றுக்கொண்ட செடிகள் அவை.

உறையில் செடியின் பெயரும் வருடமும் மட்டும் எழுதினால் போதாது. யார் கொடுத்தது, அவருக்கு யார் கொடுத்தது, எந்த ஊர், எப்படிச் சமைப்பார்கள் என்பதும் வேண்டும். எங்கள் பிஸ்கட் டப்பாவில் இருக்கும் கலலூ உறையில் அந்த அம்மாவே நடுங்கும் கையால் எழுதியது இருக்கிறது: தங்கையின் பெயர், செயின்ட் எலிசபெத், கருவாட்டோடு. அதற்குக் கீழே, போன அக்டோபரில் என்னிடம் பேனாவைக் கொடுத்து, "உன் ஊர்ப் பேரையும் எழுது" என்றார். தண்டுக்கீரை என்று தமிழில் எழுதினேன். பக்கத்தில் பருப்போடு என்றும் எழுதினேன். டப்பா இப்போது கொட்டகையில் இரண்டாவது தட்டில், எலி எட்டாத உயரத்தில் இருக்கிறது. மே கடைசி வாரம் திறப்போம்.